காலில்லாத பைலட்

விமானத்தைத் தரையிறக்குவதில் மூன்று வகை உண்டு. நல்ல லேண்டிங், சுமாரான லேண்டிங், பீரோவில் முட்டுகிற லேண்டிங். மூன்றாவதைக் கண்டுபிடித்த பெருமை அடியேனையே சேரும்.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பதினொன்றரை மணி. கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்தை நோக்கி ஒரு செஸ்னா 172-ஐ ஓட்டிக்கொண்டு வருகிறேன். ஓடுபாதை எண் 25. அதாவது மூக்கு 250 டிகிரி, ஏறக்குறைய மேற்கு. வலது பக்கம் பரங்கிமலை. இடது பக்கத்திலிருந்து அம்மியைப் பறக்கவிடுகிற ஆடிக் காற்று. அதைச் சமாளிக்க விமானம் மூக்கை இடது பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி சாய்வாக வருகிறது. சக்கரம் தரையைத் தொடுவதற்கு முந்தின கணத்தில் வலது காலால் பெடலை அழுத்தி, மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும்.

அழுத்தினேன்.

விமானம் நேரானதா என்று தெரியாது. நான் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த ஆபீஸ் சேர், கால் கொடுத்த உதைப்பில் பின்பக்கமாகப் புறப்பட்டுப் போய் பீரோவில் மோதியது. பீரோ மேலிருந்த கொலு பொம்மைப் பெட்டி கீழே வந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு மனைவி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். செட்டியார் பொம்மைக்குத் தலை இல்லை.

"இன்னிக்கு எந்த ஊர்ல விழுந்தீங்க?"

"மீனம்பாக்கம்."

"பக்கத்துலதான். காலையில பேசிக்கலாம்."

இந்தப் பக்கத்தில் எப்போதோ என் விமானப் பைத்தியத்தைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இரண்டு இளைஞர்கள் பந்திக்கு முன்னால் மடக்கி, "சார், ஃப்ளைட் சிமுலேட்டருக்கு என்ன ஜாய்ஸ்டிக் வாங்கலாம்? காலுக்குப் பெடல் அவசியமா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் தீர்ந்துவிடுகிறது. ஆகையால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் காசு கொட்டிக் கற்ற பாடம், உங்களுக்கு இந்த இதழின் விலைக்குக் கிடைக்கிறது.

குழாயும் ஸ்விட்சும்

எனக்கு இந்த வியாதி பிடித்தது 2003-ல், எங்கள் ஊர் ப்ரௌஸிங் சென்டரில். மணிக்கு 20 ரூபாய். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டு வைத்திருந்தார்கள். திறந்தால் சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற குட்டி விமான நிலையத்தில் விமானம் நிற்கும். 1982-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அதே இடம்தான். (நிஜமான மெய்க்ஸ் ஃபீல்டை 2003 மார்ச் மாதத்தில் ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் விட்டுக் கொத்திப் போட்டார் சிகாகோ மேயர். நான் தினமும் கிளம்பிக்கொண்டிருந்த ஊரே இல்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.)

கீபோர்டில்தான் ஓட்டல். எட்டை அழுத்தினால் மூக்கு கீழே, இரண்டை அழுத்தினால் மேலே. விமானம் குடிகாரன் மாதிரி போகும். கோளாறு என்னிடம் என்று நினைத்திருந்தேன். கீபோர்டிடமும் இருந்தது.

கீபோர்டு சாவி என்பது லைட் ஸ்விட்ச். ஆன் அல்லது ஆஃப். விமானத்துக்கு வேண்டியது தண்ணீர்க் குழாய். 'கொஞ்சூண்டு திற, இன்னும் கொஞ்சம், போதும்' என்று அளந்து கொடுக்கிற சமாசாரம். ஜாய்ஸ்டிக் அந்தக் குழாய். அதை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு எண்ணாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். இப்படி அளந்து கொடுக்கிற ஒவ்வொரு வழிக்கும் 'ஆக்ஸிஸ்' என்று பெயர். குச்சியை முன்னும் பின்னும் தள்ளுவது ஒன்று: மூக்கு இறங்கும், ஏறும். இடவலம் சாய்ப்பது இரண்டு: இறக்கை சாயும். மூக்கைப் படுக்கைவாட்டில் இடமோ வலமோ திருப்புவது மூன்று: அதுதான் ரடர், தமிழில் சுக்கான். என்ஜினுக்கு விசை கொடுக்கும் த்ராட்டில் நாலாவது. இந்த நாலும் இருந்தால் விமானம் பறக்கும். மீதி பொத்தான்கள் எல்லாம் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு. அழகு, அவசியமில்லை.

முதல் குச்சி

முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்று. நாலு ஆக்ஸிஸும் ஒரே குச்சியில் இருக்கிற மாதிரி வாங்குங்கள். பிடியை இடவலமாக முறுக்கினால் அது ரடர். அடியில் சின்ன நெம்புகோல், அது த்ராட்டில். லாஜிடெக்கின் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டரின் டி16000எம், விகேபி-யின் கிளாடியேட்டர் வகையறா எல்லாம் இந்த ஜாதி. எடுத்த எடுப்பிலேயே இரும்புக் குச்சி, தனி த்ராட்டில், தனி பெடல் என்று இறங்குவது, பெண் பார்க்கப் போகும்போதே பள்ளிக்கூட அட்மிஷனுக்கு விண்ணப்பம் வாங்குவது மாதிரி. ஆறு மாதத்தில் ஆசை தீர்ந்துபோனால்? தீர்ந்துபோனவர்கள் நிறையப் பேர். அவர்கள் விற்கிற சாமான்களைத்தான் நான் வாங்குகிறேன்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க. பாதிக் குச்சிகள் வலது கைக்கென்றே வளைத்துச் செய்யப்பட்டவை. டி16000எம் மாதிரி சிலதில்தான் பிடியின் பாகங்களை மாற்றி இரண்டு கைக்கும் பொருத்தலாம். இடக்கை ஒன்றும் குறையில்லை. 1987-ல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ320-ல் கேப்டன் இடது பக்கம் உட்கார்ந்து, இடது கையால்தான் குச்சியைப் பிடிக்கிறார். உங்கள் பாட்டி திட்டியிருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் வாங்கிய முதல் குச்சி 4,100 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது. ரிச்சி தெருவில் கடைக்காரர் டப்பாவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டே, "பையனுக்கா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பதினாலு மாதம் ஓடியது. பிறகு, கை வைக்காமலே விமானம் வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. சில சமயம் மூக்கு பளிச் பளிச்சென்று துள்ளும். காரணம் உள்ளே இருந்த பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அதே ஆசாமி. கரித்தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரச உரசத் தேயும், தூசி சேரும். அந்தக் கரகர சத்தம் ரேடியோவில் காதுக்கு இம்சை, விமானத்தில் உயிருக்கு.

இதற்கு மாற்று ஹால் சென்ஸார். எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-ல் கண்டுபிடித்த விஷயம்: மின்சாரம் ஓடுகிற தகட்டுக்குப் பக்கத்தில் காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே லேசாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். குச்சியின் அடியில் ஒரு காந்தம், எதிரே ஒரு சென்ஸார். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே கிடையாது. தொடாததால் தேய்மானம் இல்லை. ஆனால் உஷார்: டப்பாவில் 'ஹால் சென்ஸார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், சில மாடல்களில் முன்பின், இடவலம் இரண்டுக்கு மட்டும்தான் காந்தம். முறுக்குகிற ரடருக்குப் பழைய உரசல் நாக்கே இருக்கும். 'எல்லா ஆக்ஸிஸுக்கும் உண்டா?' என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பழைய குச்சி வாங்குவதானால் ஒரு சோதனை. விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஆங்கிலத்தில் ஜாய், ஒரு புள்ளி, சிபிஎல் என்று தட்டினால் ஒரு சின்ன ஜன்னல் வரும். குச்சியை அசைத்தால் அதில் ஒரு கூட்டல் குறி அசையும். குச்சியை மூலைக்கு மூலை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். குறி வழுக்கிக்கொண்டு போனால் நல்ல சாமான். தவளை மாதிரி தாவினால் கிழம். கையை விட்டதும் நடுவுக்கு வராவிட்டால் பேரம் பேசலாம். 'டெட் ஸோன் வெச்சா சரியாயிடும் சார்' என்பார் விற்கிறவர். டெட் ஸோன் என்பது, நடுவில் இவ்வளவு தூரம் அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. தலைவலிக்குத் தைலம் மாதிரி. வலி தெரியாது, வியாதி இருக்கும். அதோடு, லேண்டிங்கில் உங்களுக்கு வேண்டிய நுணுக்கமான அசைவெல்லாம் அந்த நடுப் பகுதியில்தான் இருக்கிறது.

காசில்லாத அப்கிரேட்

இரண்டாவது குச்சி 7,500 ரூபாய்க்கு வாங்கினேன், காந்தம் வைத்தது. வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் 650 ரூபாயில் தெரிந்தது. ஒரு ப்ளைவுட் பலகை, இரண்டு இரும்பு கிளாம்ப்.

மேஜை மேல் சும்மா வைத்த குச்சி, வேகமாக இழுத்தால் அடியோடு கூடவே கிளம்பி வரும். அதனால் ஒரு கை அதை அமுக்கிப் பிடிக்கவே போய்விடும். மேஜை உயரத்தில் இருப்பதால் தோள்பட்டையும் வலிக்கும். பலகையைச் சேருக்கு முன்னால், முட்டி உயரத்தில் இறுக்கமாகப் பொருத்தி, அதன் மேல் குச்சியை வைத்தேன். முழங்கை தொடையில் சாய்ந்தது. மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதும். விமானம் திடீரென்று நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி நேராகப் போனது. ஆகவே புதுக் குச்சி வாங்குகிறதுக்கு முன்னால் பழைய குச்சியை ஆடாமல் நிறுத்துங்கள். பாதிப் பேருக்கு அதோடு ஆசை அடங்கிவிடும்.

இன்னொரு காசில்லாத வைத்தியம் 'கர்வ்'. நிஜ விமானத்தின் குச்சி நீளமானது; மேஜைக் குச்சி குட்டை. குட்டைக் குச்சியில் கை ஒரு நூல் அசைந்தால் விமானம் ஒரு முழம் அசையும். செட்டிங்கில் கர்வை வளைத்தால் நடுவில் மென்மையாகவும் ஓரத்தில் முழு வீச்சாகவும் ஆகும். ஒரு வாரம் ஒரே செட்டிங்கில் பழகுங்கள். தினமும் மாற்றினால் கைக்கு எதுவும் படியாது.

காலுக்கு வருவோம்

இப்போது பெரிய கேள்வி. காலுக்குப் பெடல் தேவையா?

நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஏர்பஸ், போயிங் மாதிரி பெரிய விமானம் என்றால், மேலே போன பிறகு கால் கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். திரும்பும்போது வால் பக்கத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை விமானமே பார்த்துக்கொள்ளும். டேக் ஆஃப், லேண்டிங், தரையில் உருட்டுவது, இதற்குத்தான் பெடல். எஃப்-16 மாதிரி போர் விமானத்திலும் கம்ப்யூட்டர்தான் ரடரைப் பெரும்பாலும் கவனிக்கிறது. நீங்கள் இந்தக் கட்சி என்றால் முறுக்குகிற குச்சியே போதும். மிச்சக் காசில் மனைவிக்குப் புடவை எடுங்கள்.

ஆனால் செஸ்னா மாதிரி சின்ன விமானம், இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் மாதிரி வாலில் சக்கரம் வைத்த விமானம், எல்லாவற்றுக்கும் மேலாக ஹெலிகாப்டர், இவை என்றால் பெடல் இல்லாமல் பாதி சுகம் இல்லை.

ஏன்? செஸ்னாவை இடது பக்கம் சாய்க்கிறோம். வலது இறக்கையின் பின்விளிம்புத் தகடு கீழே இறங்கி அந்த இறக்கையைத் தூக்குகிறது. தூக்குகிற இறக்கையைக் காற்று கூடுதலாகப் பின்னுக்கு இழுக்கிறது. ஆக, நாம் இடது பக்கம் போக நினைத்தால் மூக்கு முதலில் வலது பக்கம் ஒரு முறைப்பு முறைக்கும். அதைச் சரிக்கட்ட இடது கால். டேக் ஆஃபில் முழு விசை கொடுத்தால் மூக்கு இடது பக்கம் ஓடும். அதற்கு வலது கால். ஹெலிகாப்டரில் விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் உடம்பு பம்பரமாகச் சுற்றப் பார்க்கும். அதற்கு இரண்டு காலும், சதா.

இதையெல்லாம் முறுக்குகிற குச்சியில் செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் ஆரம்பத்தில் சொன்ன ஆடிக் காற்று லேண்டிங்கை நினைத்துப் பாருங்கள். காற்று இடது பக்கம். குச்சி இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதே சமயம் ரடர் வலது பக்கம் முறுக்கியிருக்க வேண்டும். அதே சமயம் மெல்லப் பின்னால் இழுக்கவும் வேண்டும். ஒரே மணிக்கட்டு மூன்று எஜமானர்களுக்குச் சேவகம். நான் முறுக்கும்போதெல்லாம் குச்சி என்னையறியாமல் சாயும், இறக்கை தரையைத் தொடும். மூன்று வருஷம் 'நமக்கு லேண்டிங் வராது' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வராதது எனக்கல்ல. எனக்குக் கால் இல்லை, அவ்வளவுதான்.

பெடலில் பல ரகம். தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்குவது. த்ரஸ்ட்மாஸ்டர் டிஎஃப்ஆர்பி இந்த வகை. மேலிருந்து ஊசல் மாதிரி தொங்குவது. அவர்களே செய்யும் டிபிஆர், விலை கூடுதல். நடுவில் அச்சாணி வைத்துச் சுழலுகிற எளிமையான வகை, விகேபி-யின் டி-ரடர். இந்தக் கடைசியில் நுனிக்கால் பிரேக் கிடையாது. ஹெலிகாப்டர்காரர்களுக்குக் கவலையில்லை, செஸ்னாக்காரர்களுக்குக் கவலை உண்டு. ஏனென்றால் செஸ்னாவில் பெடலின் மேல் பாதியை நுனிக்காலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, இரண்டு பெடலுக்கும் நடுவே இடைவெளி. விலை மலிவான சிலதில் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் மாதிரி உட்கார வேண்டும். இரண்டு, நடு. லேசாகத் தொட்டால் 'டக்'கென்று ஒரு பள்ளத்திலிருந்து ஏறுகிற மாதிரி இருந்தால் நுணுக்கமான அசைவு வராது. மூன்று, கனம். கனமில்லாத பெடல் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். கனமான பெடல் போகாது, பதிலுக்கு நீங்கள் போவீர்கள். பீரோ வரைக்கும்.

என் பெடல் பழையது, 9,000 ரூபாய். அந்த ஒன்பதாயிரம் வாஷிங் மெஷினுக்கென்று எடுத்து வைத்த பணத்திலிருந்து போனது. இதை மறைக்க விரும்பவில்லை. மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

செட்டியார் பொம்மை உடைந்த மறுநாள் காலையில் பி.காம். படித்த தைரியத்தில் ஒரு கணக்கு எழுதினேன். குச்சி ஒன்று 4,100. குச்சி இரண்டு 7,500. பலகை 650. பெடல் 9,000. மொத்தம் 21,250. மூன்று வருஷம், வாரத்துக்கு நாலு மணி நேரம், ஆக 624 மணி. வகுத்தால் மணிக்கு 34 ரூபாய். "அன்னிக்கு ப்ரௌஸிங் சென்டர்லயே மணிக்கு 20 ரூபா. இத்தனை வருஷ விலைவாசிக்கு இது சல்லிசு" என்றேன்.

மனைவி கணக்கைப் பார்த்தாள். "நாலு மணி நேரம் நீங்க பறக்கறப்போ, துணி துவைக்கறது யாரு? அந்த மணிக்கு என்ன ரேட்டு போட்டிருக்கீங்க?" என்றாள்.

பி.காம்.மில் அந்தப் பாடம் கிடையாது. அன்றிலிருந்து ஞாயிறு துணி என் பொறுப்பு. விமானம் துணி காய்ந்த பிறகுதான்.

விளையாட்டுச் சாமான்

'வயசானவன் விளையாட்டுச் சாமான் வாங்குறான்' என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு சரித்திரம். எட்வின் லிங்க் என்ற அமெரிக்கரின் அப்பா ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்குப் பறக்க ஆசை. பாடத்துக்குக் கட்டணமோ அதிகம். ஆர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே ஆடி அசையும் ஒரு குட்டி விமானத்தை 1929-ல் செய்தார். வாங்கியவர்களில் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்களும் உண்டு. 1934-ல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் வேலையை ஏற்றுக்கொண்டபோது, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத பைலட்டுகள் சில வாரங்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்க்கின் பெட்டிகளில் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான பைலட்டுகள் அந்த 'விளையாட்டுச் சாமானில்' உட்கார்ந்துதான் கற்றார்கள்.

உடனே நீங்கள் சட்டையில் இறக்கை குத்திக்கொள்ள வேண்டாம். வீட்டு சிமுலேட்டரில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் பைலட் லைசென்ஸ் கணக்கில் ஒரு நிமிஷம்கூடச் சேராது. நிஜ செஸ்னாவில் வேகம் கூடக்கூடக் குச்சி கனக்கும். நம் குச்சியில் எப்போதும் ஒரே ஸ்பிரிங். அந்தக் கனத்தைக் கையில் காட்டுகிற 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' குச்சியை மைக்ரோசாஃப்ட் 1997-லேயே விற்றது. நடுவில் காணாமல் போய், சமீப வருஷங்களில் மறுபடி வந்திருக்கிறது. விலையைக் கேட்டேன். அதைக் கேட்டதற்கே என் நெஞ்சில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் வந்தது.

அப்பா வந்தார்

புரட்டாசியில் கண் பரிசோதனைக்காக அப்பா ஊரிலிருந்து வந்தார். லால்குடி பக்கம். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்திரண்டு வருஷம் டிரைவர். அதற்கு முன் ஒரு பண்ணையில் டிராக்டர். மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"என்னடா இது?"

"ரடர் பெடல்ப்பா. ஏரோப்ளேனுக்கு."

"ரெண்டுதான் இருக்கு. க்ளட்ச் எங்க?"

உட்கார வைத்தேன். திருச்சி விமான நிலையம். அப்பா குச்சியை வலது பக்கம் சாய்த்தார். விமானம் நேராகவே போய்ப் புல்லில் இறங்கியது. "ஸ்டியரிங் வேலை செய்யலடா." தரையில் காலால்தான் திருப்ப வேண்டும், நுனியை அழுத்தினால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் பிரேக் என்றேன். அவர் முகம் மாறியது. "அடப்பாவி, டிராக்டர்லயும் இதேதான். வரப்பு மூலையில ஒடிச்சுத் திருப்பறதுக்கு லெஃப்ட் பிரேக் தனி, ரைட் பிரேக் தனி." அடுத்த நிமிஷம் செஸ்னாவை ஒற்றைச் சக்கரத்தில் சுழற்றி ஓடுபாதைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு அது வர எட்டு மாதம் ஆயிற்று.

மேலே கிளம்பினோம். த்ராட்டில் என் கையில், மீதி அவரிடம். காவிரி, கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தைத் தாண்டி எங்கள் ஊரைத் தேடினோம். 2020-ல் வந்த பதிப்பிலிருந்து செயற்கைக்கோள் படத்தை வைத்தே பூமியைக் காட்டுகிறார்கள், அதனால் வாய்க்காலும் ரோடும் அப்படியே இருந்தன. வீடுகளை மட்டும் கம்ப்யூட்டரே உத்தேசமாகக் கட்டிவிடுகிறது. எங்கள் ஓட்டு வீட்டின் இடத்தில் சிவப்புக் கூரையுடன் ஒரு சீமைப் பங்களா நின்றது. அப்பா அதையே இரண்டு சுற்று சுற்றினார்.

"இதெல்லாம் எப்போலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து. பைலட் ஆகணும்னு இருந்துச்சு. அப்ப பிளஸ் டூல ஃபிஸிக்ஸ், மேத்ஸ் எடுத்திருந்தாத்தான் முடியும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 'காமர்ஸ் எடு, சீக்கிரம் வேலை கிடைக்கும்' என்று டெப்போவிலிருந்து டூட்டி உடையோடு வந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். நானும் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லியிருந்தாலும் என்கிட்ட பணம் இருந்திருக்காது" என்றார். பிறகு, "ஆனா சொல்லியிருக்கலாம்டா."

காலை மட்டும் அழுத்தி விமானத்தை மெதுவாகத் திருச்சிப் பக்கம் திருப்பினார். மூக்கு ஆடவேயில்லை. முப்பத்திரண்டு வருஷம் அறுபது பேரைக் குலுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த கால் அது. அப்கிரேட் அப்கிரேட் என்று நான் கடை கடையாகத் தேடியது எதுவென்று அன்றைக்குத் தெரிந்தது. கடையில் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் அப்பா சேரைக் கவனித்தார். "சக்கரத்துக்குக் கட்டை குடுக்காம வண்டியை நிறுத்தலாமாடா?" ஃப்ளாட்டில் கட்டைக்கு எங்கே போவது? வாசலுக்குப் போனார். ஐந்து சக்கரத்தையும் ஐந்து செருப்புக்குள் இறக்கி வைத்தார். உதைத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. அத்தனை ஆயிரம் செலவழித்தும் கிடைக்காத தீர்வு, பைசா செலவில்லாமல் முடிந்தது. எங்கள் வீட்டு விமானப் படையில் இன்றுவரை அதற்கப்புறம் பீரோ விபத்து இல்லை.

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மனைவி ஆபீஸுக்குக் கிளம்பி வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, என் செருப்புல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

என்ன சொல்வது? திருச்சி வரைக்கும் போயிருக்கிறது, லேண்டிங் ஆனதும் வந்துவிடும் என்றேன்.